ஆணி அடிக்கக் கூடாத வீடு

சுவரில் ஒரே ஒரு ஆணிதான் அடித்தார் கண்டக்டர், கடிகாரம் மாட்டுவதற்காக. சுத்தியல் இரண்டாம் தடவை பட்டதும் ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பொலபொலவென்று காலடியில் உதிர்ந்தது.

“தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? ஆணி அடிச்சா அன்னைக்கே காலி பண்ணணும்னு சொல்லித்தானே அந்த மனுஷன் சாவியே குடுத்தார்?” என்றாள் மனைவி.

“சும்மா காலி பண்ணச் சொல்லிட முடியாது. சட்டம் இருக்கு. தகுந்த காரணம் வேணும்.”

“காரணத்தைத்தான் நீங்களே அடிச்சு வச்சிருக்கீங்களே!”

வாடகையை உயர்த்த வீட்டுக்காரர் ஏற்கெனவே சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். இதை விட்டால் கண்டக்டர் சம்பளத்துக்கு இந்த ஊரில் கோழிக்கூண்டுகூடக் கிடைக்காது.

பற்பசையைப் பிதுக்கிப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அப்பினார். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி அப்பினார். ஒரு செங்கல் அந்தப் பக்கமாக நழுவித் தொப்பென்று விழுந்தது.

“போச்சு! பின் தெரு வீட்டுக்குள்ள விழுந்திருச்சு!”

தலையணையை எடுத்து ஓட்டையில் திணித்தார். அந்தப் பக்கம் யாரோ அதை வெடுக்கென்று உருவிக்கொண்டார்கள்.

“இருந்ததே ஒரு நல்ல தலையணைங்க!”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி எட்டிப் பார்த்தாள். “ஐயையோ, வீட்டுக்காரர் வர்றார்!”

“நான் இங்கதானே நிக்கிறேன்?”

“நீங்க என் வீட்டுக்காரர். வர்றது வீட்டுக்கே வீட்டுக்காரர்!”

கண்டக்டர் முதுகால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் உள்ளே வந்து மோப்பம் பிடித்தார்.

“என்ன, பற்பசை வாசனை தூக்குது?”

“இப்பத்தான் பல் தேய்ச்சேன் சார்.”

“சாயங்காலத்துலயா?”

“டியூட்டி மாறிடுச்சு சார்.”

பின்னாலிருந்து ஒரு துடைப்பக்கட்டை முதுகில் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த குத்து விலாவில் விழுந்தது.

“ரைட், ரைட்!” என்று அலறிக்கொண்டு துள்ளிக் குதித்தார் கண்டக்டர்.

ஓட்டையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகம் சிவந்தது. உடனே மலர்ந்தும் போனது.

“ஆணியா அடிச்சீங்க, என் சுவர்ல? இன்னைக்கே மூட்டையைக் கட்டுங்க. ரெண்டு மடங்கு வாடகை குடுக்க ஆள் காத்துக்கிட்டிருக்கு.”

“சார், சட்டப்படி பார்த்தா...” என்று இழுத்தார் கண்டக்டர். மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓட்டையில் ஒரு அம்மாளின் முகம் தெரிந்தது. கையில் துடைப்பம், கக்கத்தில் தலையணை. “யாருய்யா செங்கல்லைத் தள்ளிவிட்டது?”

கண்டக்டர் கைகூப்பினார். “மன்னிச்சிருங்கம்மா. எதுவா இருந்தாலும் இவர்கிட்டயே பேசிக்குங்க. இவர்தான் எங்க வீட்டுக்காரர்.”

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டுக்காரர் என்னவோ வாசல் பக்கமாக நழுவத் தொடங்கினார்.

“இவரா வீட்டுக்காரர்? நல்ல கூத்தா இருக்கே! இந்த வீடே எங்களோடது, இவரு எங்ககிட்ட வாடகைக்கு எடுத்தவராச்சே!”