ரைட்டு சொன்னால்தான் வண்டி போகும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இங்கிலீஷ் பாஷைக்கு நடந்த அநியாயம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அத்தனைக்கும் ஒரே ஆள்தான் காரணம். யுத்த காலத்தில் அந்த ரோட்டில் ஓடிய கரி பஸ்ஸின் கண்டக்டர். ஊரில் அவன் பெயர் 'ரைட்டு'.

பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு கரியடுப்பைக் கட்டி, அதன் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளவேண்டும். நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, விழுப்புரத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். தினமும் அந்தப் பஸ், தினமும் வயிற்றெரிச்சல்.

பின்னே என்ன? அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷே அந்த ஒரு வார்த்தைதான். வண்டி கிளம்ப "ரைட்டு!" ஆள் ஏறினால் "ரைட்டு." கூடைக்காரம்மா சண்டைக்கு வந்தால் குரலை இறக்கி, "ரைட்டும்மா, ரைட்டு." டயர் பஞ்சரானால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு "ரைட்டு." ஒருநாள் பின் சீட்டில் ஒருவர் தன் அப்பா செத்துப்போன சேதியைச் சொல்லி அழுதார். இவன் அவர் தோளில் கை வைத்து, பெருமூச்சு விட்டு, "ரைட்டு..." என்றான். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாம்! எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏன்யா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? சரி, நியாயம், உரிமை, வலது பக்கம்... அகராதியில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது!"

"அவ்ளோ இருக்குதா சார்? அப்ப நான் சொல்றது அதுல ஏதோ ஒண்ணுல சேந்துக்கினு போவுது, உடுங்க சார்."

டிரைவர் கோட்டக்குப்பத்து பாய். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ரைட்டுவின் குரல் கேட்டால் கியர் போடுவார். கேட்காவிட்டால் இடி விழுந்தாலும் நகர மாட்டார். ஒருநாள் பொறுக்காமல் நானே சுத்தமான உச்சரிப்போடு "ரைட்!" என்று கத்தினேன். வண்டி அசையவில்லை. "உங்க ரைட்டு ஸ்கூலுக்கு சார். வண்டிக்கு அவன்தான்" என்றார் பாய்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று விக்கிரவாண்டியில் இருந்தது. பஸ் முதலாளியின் சம்பந்தி அங்கே ஒரு மிராசுதார். டிரைவர் பக்கத்து முன் சீட்டு அவருக்கென்றே காலியாக வரும். அவர் பலகாரம் முடித்து, கை அலம்பி, வெற்றிலை போட்டு வரும்வரை வண்டி நிற்கவேண்டும். அது முதலாளி உத்தரவு. முப்பது பேர் வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

அப்படி நின்றிருந்த ஒரு காலையில் கூலிக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அழுதுகொண்டே அதன் தாய்.

"கண்டக்டரய்யா, மல்லாட்டை தொண்டையில மாட்டிக்கிச்சுங்க! பெரியாஸ்பத்திரிக்குப் போவணுங்க!"

வேர்க்கடலை அடைத்து, குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ரைட்டு ஒரு விநாடி பார்த்தான். நேரே முன் கதவைத் திறந்து, தாயையும் பிள்ளையையும் அந்தச் சீட்டில் உட்கார வைத்தான். தகப்பனைப் படியில் ஏற்றிக்கொண்டான்.

மிராசுதாரின் ஆள் பாய்ந்து வந்தான். "டேய், எஜமான் கை அலம்பிக்கினு கீறாரு! அவரு சீட்டுல யாரடா குந்த வச்ச?"

"ரைட்டு!" என்றான் இவன்.

அப்படி ஒரு 'ரைட்டு'வை நான் அதுவரை கேட்டதில்லை. வண்டி சீறிக் கிளம்பியது. வழியில் எங்கும் நிற்கவில்லை. மேட்டில் கோட்டு போட்ட நானும் மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினேன். விழுப்புரம் டாக்டர் மல்லாட்டையை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றார்.

மறுநாள் ரைட்டுவுக்கு வேலை போயிற்று! சம்பந்தியை ரோட்டில் நிற்க வைத்துவிட்டானாம். திண்டிவனம் ஸ்டாண்டில் முதலாளியே வந்து, விசிலோடு ஒரு புதுக் கண்டக்டரை ஏற்றினார். அவன் விசில் ஊதினான். பாய் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி ஊதினான். பாய் அசையவில்லை.

"ரைட்! ரைட்!" என்று முதலாளி தொண்டை கிழியக் கத்தினார்.

"எங்காதுக்கு ஒரு கொரலுதான் பழக்கம் மொதலாளி" என்றார் பாய்.

கரி வண்டியை மேய்க்கத் தெரிந்த இன்னொரு டிரைவர் அந்த நாளில் எங்கே கிடைப்பான்? நான் எழுந்து, "அவன் ஏறாமல் வண்டி போக நாங்களும் விடமாட்டோம் ஐயா!" என்று கத்தினேன். கூடைக்காரம்மா என்னைவிடப் பலமாகக் கத்தினாள். அடுப்பில் கரி வீணாய் எரிந்துகொண்டிருந்தது.

டீக்கடை ஓரமாக, காக்கிச் சட்டை இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான் ரைட்டு. முதலாளி அவன் பக்கம் திரும்பி, "ஏறித் தொலைடா!" என்றார்.

படியில் ஏறியவன் முதலில் என்னைத்தான் பார்த்தான்.

"சார், சொல்லட்டுங்களா?"

"சொல்லித் தொலையேன்யா!" என்றேன்.

"ரைட்டு!"

பாய் பீடியை எறிந்துவிட்டு கியர் போட்டார்.

முதலாளி மேலும் மிராசுதார் மேலும் இருந்த கோபமெல்லாம் என்றைக்கோ ஆறிவிட்டது. ஆறாதது ஒன்றுதான். அந்த வார்த்தைக்கு அத்தனை அர்த்தமும் சொல்லத் தெரிந்த நான், நாலு வருஷம் அவன் வண்டியில் போய்வந்தும், "உன் பேர் என்னப்பா?" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.