மலர்கொடியின் வாபஸ் விஷயமாக

நெய்வேலி,
செவ்வாய்க்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய மச்சான், குள்ளஞ்சாவடி கொளஞ்சிநாதன் அவர்களுக்கு, நெய்வேலி ஆர்ச் கேட் எதிரில் பந்தல், சேர், மைக்செட் வாடகைக்கு விடும் உங்கள் தங்கை புருஷன் சிங்காரவேல் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், மகள் எழில்மதி நலம். உங்கள் தங்கை மலர்கொடி மிக மிக நலம்; பிரச்சினையே அதுதான். அங்கே உங்கள் நலமும், உங்கள் சம்சாரம் மாணிக்கம் அக்காவின் நலமும், கட்சி உங்களை ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்த பிறகு உங்கள் ரத்தக்கொதிப்பின் நலமும் அறிய ஆவல்.

நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. "புதன்கிழமை மூணு மணிக்குள்ள எந்தங்கச்சிய வேட்புமனுவ வாபஸ் வாங்க வையி. இல்லன்னா தை மாசம் உம் பொண்ணு கல்யாணத்துக்கு தாய்மாமன் சீரும் வராது, நானும் வரமாட்டேன்" என்றீர்கள். அப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. அதனால் நம் மினி லாரி டிரைவர் பெரியண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாய்மாமன் மாலை போடாமல் எழில்மதி மணையில் உட்கார முடியுமா? பெண்ணைப் பெற்றவன் நான், பயப்படுகிறேன். ஆனால் நான்தான் மலர்கொடியைத் தூண்டிவிட்டேன் என்று சொன்னீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். மச்சான், அவள் நான் சொல்லி ஒரு குழம்பில் உப்பைக்கூடக் கூட்டியதில்லை. நடந்தது இதுதான்.

காலை முதல் ஷிஃப்ட் நேரத்துக்கு எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கிலிருந்து டவுன்ஷிப்புக்குள் போகிற டவுன் பஸ்ஸை, ஆள் ஏறவில்லை என்று யாரோ எழுதிவைத்து நிறுத்திவிட்டார்கள். அதில்தான் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்கிற பெண்களும், தோட்ட வேலை கான்ட்ராக்ட் பெண்களும் போய்வந்தார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தால் பாதிச் சம்பளம் போச்சு. நடந்துபோனால் பாதி வேலை போச்சு. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், தோட்ட வேலை பார்க்கிற கலியம்மாள் தலைமையில் ஸ்டாப்பிங்கில் உட்காரப்போவதாகச் சொல்லி என்னிடம் சேர் கேட்டார்கள். நான் வியாபாரி, கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். மதியத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். "பர்மிஷன் இல்லாத போராட்டத்துக்கு சேர் போட்டிருக்கீங்க. நாளைக்கு பந்தலும் போடுவீங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதையில் எனக்கு வேர்த்துவிட்டது. பெண்கள் கூட்டத்தில் நான் போய்ச் சேரைப் பிடுங்கினால் நன்றாக இருக்காது என்று மலர்கொடியைப் பெரியண்ணனோடு அனுப்பினேன். அந்த ஒன்றுதான் மச்சான் நான் செய்த தப்பு. சாயங்காலம் மினி லாரி வந்தது, சேரெல்லாம் வந்தது, உங்கள் தங்கை வரவில்லை. சேரை வாங்கிவரப் போனவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டிலிருந்து சேர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கால் உடைந்து கம்பி கட்டினது, ஒயர் பிரிந்தது, பிள்ளை படிக்கிற ஸ்டூல், எல்லாம். மலர்கொடி எதைக் கொண்டுபோனாள் தெரியுமா? என் கல்லாவில் இருந்த சுழல் சேரை. கடை வைத்த நாளிலிருந்து நான் உட்கார்ந்த சேர். வாடகைச் சேரில் நான் உட்காருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். சரக்கில் முதலாளி உட்கார்ந்தால் தொழில் உருப்படாது. ஆக, கடை நிறையச் சேரை அடுக்கிவைத்துக்கொண்டு அன்றிலிருந்து நின்றுகொண்டே வியாபாரம் பார்க்கிறேன்.

போலீஸ்காரர் வந்தார். "இன்னாம்மா, போராட்டமா?" என்றார்.

"இல்ல சார், பஸ்ஸுக்கு காத்துக்கினு இருக்கோம்" என்றாள் கலியம்மாள்.

"இந்த ஸ்டாப்பிங்குல பஸ்ஸே நிக்கறது இல்லியே!"

"அதான் சார் லேட்டாவுது. நின்னா கால் வலிக்குமேன்னு சேர் எடுத்தாந்தோம்."

பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கு என்ன செக்ஷன் போடுவது? கொஞ்ச நேரம் அவரும் ரோட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கேதான் நான் தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். எல்லாக் கட்சிக்கும் சேர் போட்டவன் நான். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு எவ்வளவு சேர் போச்சு என்று நீங்களே ரகசியமாக என்னைக் கேட்பீர்கள், அவர்களும் உங்கள் கணக்கைக் கேட்பார்கள், நான் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூட்டியே சொல்லுவேன். வாடகைச் சேரில் உட்காருகிறவன் பிரியாணிப் பொட்டலம் வந்ததும் எழுந்துவிடுவான். தலைவர் பேசும்போது பாதிச் சேர் காலி. சொந்தச் சேர் அப்படியில்லை. வீட்டிலிருந்து தூக்கிவந்தவள் அதை விட்டுவிட்டு எங்கே போவாள்? அவளை வேனில் கூட்டிவந்தவன் யாருமில்லை, அதனால் வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பவும் ஆளில்லை. இந்த முறை எல்லாக் கட்சிக்காரரும் எனக்குப் போன் போட்டு, "அங்க எவ்ளோ சேருங்க?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பயம் வந்தது.

பயம் வந்ததும் ஆதரவும் வந்தது. கட்சிக்கொரு கொடியோடு வந்து நட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். கலியம்மாள், "நடாதீங்க, கையில குடுங்க, வெயிலா கீது" என்று வாங்கி எல்லாக் கொடியையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து மேலே கட்டிவிட்டாள். எந்தக் கட்சியும் தன் கொடியை அவிழ்க்கச் சொல்ல முடியவில்லை. என் பந்தல் வியாபாரத்துக்கு இதுவரை இப்படி ஒரு போட்டி வந்ததில்லை. நீங்களும் வந்தீர்கள். உட்கார இடம் தேடினீர்கள். மலர்கொடி, "உங்க சேர் எங்கண்ணே?" என்றாள். நின்றபடியே பேசிவிட்டுப் போனீர்கள். அன்று கூட்டம் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

பஸ் வந்தது. கட்சிக்கொரு மாலை டிரைவர் கழுத்தில் விழுந்தது. பாவம், ரோடு தெரியாமல் ஓட்டிப்போனார். சரி, என் சேர் வீட்டுக்கு வந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். வரவில்லை. "பஸ்ஸுதான் வந்துடுச்சே, கெளம்புங்களேன்" என்று நானே போய்க் கேட்டேன். கலியம்மாள், "பஸ்ஸு வந்துதுங்க. ஒண்ணா குந்திகினு கேட்டா வருதுன்னு தெரிஞ்சிபூட்டுதே, இனிமே எப்பிடி சும்மா இருக்கறது?" என்றாள். அடுத்து தண்ணி டேங்க், அப்புறம் தெருவிளக்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் சேரைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்படி உட்காருவது என்று கேட்டுப் போகிறார்கள், உட்காருவதற்கும் பயிற்சி! கடைசியில், எத்தனை நாள் வெளியே குந்துவது, ஒன்றிய ஆபீஸ் உள்ளே கவுன்சிலராக ஒரு ஆள் குந்தினால் என்ன என்று பேச்சு வந்தது. கலியம்மாளுக்கு முதல் பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டும். "மலரக்காவே நிக்கட்டும். அவங்க வூட்டுக்காரரு எல்லா கட்சிக்கும் சேர் போட்டவரு, எல்லாரு கூட்டமும் எம்மாந்தூரம்னு அவங்களுக்கு தெரியும்" என்று முடித்துவிட்டார்கள். அப்படித்தான் உங்களை எதிர்த்து மனுத் தாக்கல் ஆனது. அதில் விருப்பச் சின்னம் கேட்ட எல்லா இடத்திலும் நாற்காலி, நாற்காலி, நாற்காலி என்றே எழுதியிருக்கிறாள்.

அது கிடைத்துவிட்டால் உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் என் சேரில், அதாவது அவள் சின்னத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் கைதட்டுவார்கள். இதை நினைத்துத்தான் நீங்கள் முன்கூட்டியே சேர் ஆர்டரை ரத்துசெய்து தார்ப்பாய் கேட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். தார்ப்பாயும் நம்மிடம் இருக்கிறது.

ஆனால் கவலை வேண்டாம். என் பெண் கல்யாணத்தைவிட எனக்குத் தேர்தல் பெரிதில்லை. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே மலர்கொடியிடம் கண்டிப்பாகப் பேசிவிடுகிறேன். நான் ஆம்பளை, ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். நாளை மூன்று மணிக்குள் அவள் வாபஸ் வாங்குவாள் என்று உறுதி கூறுகிறேன். நீங்கள் சீர்த்தட்டுக்கு இப்போதே சொல்லிவைக்கலாம். மாணிக்கம் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வடலூர் வள்ளலார் அருளால் உங்கள் கொதிப்பு இறங்கி, நீங்கள் பல்லாண்டு நல்லபடி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சிங்காரவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மாணிக்கம் அக்கா இங்கே வந்து இறங்கினார்கள். கையில் உங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலி. உங்கள் தெருவிளக்கு விஷயமாகவாம். பல தடவை சொல்லியும் நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். "எழில்மதி கல்யாணத்துக்கு சீர நானே எடுத்தாரேன். ஒங்க மச்சான் வந்தா வரட்டும், இல்லன்னா வூட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மலர்கொடியோடு கிளம்பிவிட்டார்கள். ஆகவே வாபஸ் பற்றி மேலே நான் எழுதியதைப் படிக்க வேண்டாம். அக்கா நாற்காலியில் மலர்கொடியும் பங்குபோட்டு உட்காரப்போவதால், அவள் கையோடு வீட்டுக்குத் தூக்கிவந்த என் சுழல் சேர் எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு நானும் ஸ்டாப்பிங்குக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு நல்ல நாற்காலிதான் என்று அக்கா சொன்னார்கள். நின்றுகொண்டே இதைப் படிக்கிறீர்களோ என்று மனசு கேட்கவில்லை. பெரியண்ணன் வண்டியில் ஒரு சேர் ஏற்றியிருக்கிறேன், இறக்கிக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம். ஆனால் இங்கே வருவதாக இருந்தால் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.