கோல்டு குடும்பமா, காசாமி குடும்பமா?

பேரணாம்பட்டு,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் துரைசாமி அவர்களுக்கு மூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சம்பூர்ணமும் நலம். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்துவைத்த பள்ளிகொண்டா நகைக்கடைக்காரர் சம்பந்தம் போய்விட்டது என்று போன வாரம் அலறினேனே, அது போகவில்லை. நம் பெண் எழிலரசி போனில் யாரிடமோ, "கோல்டு குடும்பத்துல ஆளுங்க ஜாஸ்தி, ஒருத்தரால ஒருத்தருக்கு இடைஞ்சலும் ஜாஸ்தி. காசாமி குடும்பம் சின்னது, தொந்தரவு கம்மி. நான் காசாமின்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். கோல்டு என்றால் நகைக்கடை, சரி, இந்தக் காசாமி எந்த ஊர் ஆசாமி என்று எனக்குச் சோறு இறங்காமல், ஷூ கம்பெனியில் வலது காலுக்கான தோலையெல்லாம் இடது காலுக்கே வெட்டித் தள்ளி, மேனேஜர் வாஹித் பாஷாவிடம் "உனுக்கு இன்னா ஆச்சு மூர்த்தி?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, வேலூரில் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தால், தேர்வாளர் அவளைப் பார்த்து, "கோல்டை விட்டுட்டு ஏம்மா காசாமிக்குப் போனீங்க?" என்று கேட்கிறார், மச்சான்! என்னை அறியாமல் எழுந்து, "அதையேதான் சார் நானும் கேக்குறேன்! பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

அரங்கமே திரும்பியது. பட்டம் போச்சு என்றே நினைத்தேன். எழில் பதறவில்லை.

"அப்பா, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல எல்லா கண்டக்டரும் ஒண்ணா கத்துறாங்க. நம்ம ஊர் பேரு மட்டும் உங்களுக்குத் தனியா கேக்குது இல்ல? அதே மாதிரி ஒரே அலைவரிசையில பல பேர் பேசணும்னா ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனிக் குறியீடு. அந்தக் குறியீட்டுக் கூட்டத்தைத்தான் குடும்பம்னு சொல்றோம். கோல்டு, காசாமி எல்லாம் கண்டுபிடிச்சவங்க பேருப்பா" என்றவள், தேர்வாளர் பக்கம் திரும்பி, "என் கருவியில கொஞ்ச பேர் பேசினா போதும் சார், ஆனா தெளிவா கேக்கணும். அதான் காசாமி" என்றாள்.

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாழ்த்துகள், டாக்டர் எழிலரசி" என்று கை கொடுத்தார். நான் அழுதேவிட்டேன்.

ஆக, பெண் மனசில் யாரும் இல்லை. பள்ளிகொண்டாக்காரர்களைத் தாராளமாக வரச் சொல்லுங்கள். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் உரித்தாகட்டும்.

நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருக்கும்,
மூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் எழில் படித்தாள். "எல்லாம் சரிப்பா. ஆனா பள்ளிகொண்டா வேணாம். என்கூட ஆராய்ச்சி பண்ற நவீன்குமார் வீட்லேருந்து நாளைக்கு வர்றாங்க" என்கிறாள். சம்பூர்ணத்துக்கு முன்னமே தெரியுமாம். நகைக்கடைக்காரரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் அந்தப் பையனைப் போனில் பிடித்து நன்றாகத் திட்டத்தான் போனேன், மச்சான். எடுத்தவுடனே "சொல்லுங்க மாமா" என்றுவிட்டான்.