பஞ்சு ஏன் சுத்துது?

“சுத்துதுன்னா, எப்படிச் சுத்துது?”

“தன் வாலைத் தானே துரத்துது. நிக்கவே மாட்டேங்குது.”

“நீங்க அதை என்ன பண்ணீங்க?”

பொண்டாட்டி போன்ல கேட்ட இந்த ரெண்டாவது கேள்விதான் நம்மாளுக்குச் சுருக்குன்னு குத்துச்சு. பின்ன என்னங்க, நாய் சுத்துனா நாயைத்தானே கேக்கணும்?

ஆனா அவளையும் குத்தம் சொல்ல முடியாது. பஞ்சு இவங்க நாயே இல்ல. அவ அண்ணனோடது, அதாவது நம்மாளுக்கு மச்சான். குடும்பமே ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புச்சு, நம்மாளுக்கு மட்டும் லீவு கிடைக்கல. சரி, நாயை இவன்கிட்ட விட்டுட்டுப் போகலாம்னு பேச்சு வந்ததும் மச்சான் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. ஏன்னா நம்மாளு கையால ஏற்கனவே ஒரு தொட்டி மீனும் ஒரு மணி பிளான்ட்டும் போய்ச் சேர்ந்திருக்கு. “பிளாஸ்டிக் பூவைக் குடுத்தாக்கூட மாப்பிள்ளை வாட வச்சுருவாரு”ன்னு மச்சான் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. பொண்டாட்டிக்கு ரோஷம் வந்து, “என் புருஷன் பார்த்துப்பாரு”ன்னு அடிச்சுச் சொல்லிட்டா. ஆக, இது நாய் விஷயம் இல்லைங்க, மானப் பிரச்சினை.

நம்மாளு வேலை பார்க்குறது வீட்டுலேர்ந்தே. பிரிட்ஜ் கம்பெனி. பிரிட்ஜ் கெட்டுப்போனவங்க கூப்பிட்டுத் திட்டுவாங்க, இவன் சாந்தமா “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்”னு சொல்லுவான். பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிடும். பஞ்சுவுக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னுதான் தெரியல.

முதல்ல ஆபீஸ் சிநேகிதனைக் கேட்டான். அவனுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது, அதுல பாதி தப்பா இருக்கும், அது வேற விஷயம். நம்மாளு போனைக் காதுல வச்சுக்கிட்டு, சாப்பாட்டு மேஜையைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே முழுக் கதையையும் சொல்லி முடிச்சான். உண்ணி கடிக்குது, குளிப்பாட்டுன்னான் அவன்.

குளிப்பாட்டுனான். இப்ப ஈரத்தோட சுத்துச்சு. சுவரு, சோபா, லேப்டாப்பு எல்லாத்துக்கும் சேர்த்துக் குளியல்.

அடுத்தது நாய்ச் சாமான் விக்கிற கடைக்காரர். அவரு போன்லயே ஒவ்வொரு பொம்மையோட விலையையும் பெருமையையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நம்மாளுக்குக் காலே வலிச்சுப்போச்சு. நாய்க்கு போர் அடிக்குதாம், விளையாட ஏதாவது குடுக்கணுமாம். ரப்பர் வாத்து ஒண்ணு வந்துச்சு. பஞ்சு அதை வாயில கவ்வுச்சு, கவ்விக்கிட்டே சுத்துச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் வாத்து ஒரு தடவை கீச்சுன்னு கத்துச்சு. முன்னாடி சத்தமில்லாமலாவது சுத்திக்கிட்டு இருந்துச்சு.

கடைசியா நாய் டாக்டரம்மா. வாலைப் பார்க்க முடியாதபடி கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு மாட்டச் சொன்னாங்க. மாட்டுனான். அவ்வளவுதான், இதுவரைக்கும் வாலைத் துரத்துன நாய், இப்ப காணாமப்போன வாலைத் தேட ஆரம்பிச்சுருச்சு. ரெண்டு மடங்கு வேகம். கூம்பு ஒவ்வொரு நாற்காலிக் காலிலயும் டமார் டமார்னு இடிக்குது.

அப்பதான் தரைக்கு அடியிலேர்ந்து டொக் டொக்குன்னு பதில் வந்துச்சு. கீழ் வீட்டு டீச்சரம்மா ஒட்டடைக்குச்சியால கூரையை இடிக்கிறாங்க. அவங்க அப்பப்ப இப்படி இடிக்கிறதுதான், பல்லி விரட்டுறாங்கன்னு நம்மாளு நினைச்சிருந்தான். இன்னைக்குப் பாவம், பல்லி மேல பழி போட முடியல. மெத்தையை இழுத்துத் தரையில போட்டான். அட, நமக்காக மைதானமே போட்டுட்டாங்களேன்னு பஞ்சு அதுல ஏறிச் சுத்துச்சு.

இந்த நேரம் பார்த்து மச்சான் வீடியோ கால்ல வந்தாரு. பஞ்சுவைக் காட்டச் சொன்னாரு. அது தூங்குதுன்னு நம்மாளு அளந்துவிட்டான். நாயைக் கேமராவுக்குப் பின்னாடியே வச்சுக்கணும்னு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மேஜையை ஒரு வட்டம், ரெண்டு வட்டம். மூணாவது வட்டத்துல மெத்தை தடுக்கிக் கவுந்தான். போன் பறந்து போய் பஞ்சுவுக்கு நேரா நின்னுச்சு.

“மாப்பிள்ளை,” மச்சான் குரல் தரையிலேர்ந்து மெதுவா வந்துச்சு. “என் வீட்டுல அது ஒரு நாளும் இப்படிச் சுத்துனதில்ல.”

சாயந்திரமே எல்லாரும் வந்து இறங்கிட்டாங்க. மச்சான் நேராப் போய்க் கூம்பைக் கழட்டுனாரு. பஞ்சு அவரு மடியில தலை வச்சு அப்படியே படுத்துக்குச்சு, பச்சப்புள்ள மாதிரி. பொண்டாட்டி நம்மாளைப் பார்த்த பார்வையில மீனு, மணி பிளான்ட்டு, எல்லாம் வரிசையா வந்து போச்சு.

“என்ன பண்ணீங்கன்னு இப்பவாவது சொல்லுங்க”ன்னா அவ.

“சத்தியமா ஒண்ணும் பண்ணலம்மா.”

கதவு தட்டுற சத்தம். திறந்தா, கையில ஒட்டடைக்குச்சியோட டீச்சரம்மா. நம்மாளு முந்திக்கிட்டான். மன்னிச்சுக்குங்க டீச்சர், மச்சான் நாயை அழைச்சுக்கிட்டு இப்பவே கிளம்புறாரு, இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காதுன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சான்.

டீச்சரம்மா பஞ்சுவைப் பார்த்தாங்க, அப்புறம் இவனைப் பார்த்தாங்க.

“நாயா? அது முந்தாநாள்தானே வந்துச்சு தம்பி. என் தலைக்கு மேல இந்தக் காலடிச் சத்தம் ரெண்டு வருஷமால்ல சுத்திக்கிட்டு இருக்கு.”

அப்பன்னு பார்த்து நம்மாளு போன் அடிக்குது. யாருக்கோ பிரிட்ஜ் ஓடலையாம். “சொல்லுங்க சார்”ன்னான், கால் அது பாட்டுக்கு மேஜையைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சுது. மச்சான் மடியில இருந்த பஞ்சு காதைத் தூக்குச்சு, எந்திரிச்சுச்சு, வாலைத் திரும்பிப் பார்த்துச்சு.

மச்சான் கையில அந்தக் கூம்பு இன்னும் அப்படியே இருக்கு. நீங்களே சொல்லுங்க, அதை இப்ப யார் கழுத்துல மாட்டலாம்?