தலகாணி அண்ணாச்சி படுத்துப் பார்த்த இடம்

ஓட்டப்பந்தயத்தில் ஒருவனைத் தார்ரோட்டிலும் இன்னொருவனை மழை பெய்த கரிசல் சேற்றிலும் ஓடவிட்டு, சேற்றில் ஓடியவனுக்குக் கால் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்ன மடையன் நான். ஓடியவை ஆட்கள் அல்ல, கம்ப்யூட்டர்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

எண்பதுகளின் கடைசி. கோவில்பட்டியில் சின்னத் தீப்பெட்டி முதலாளிகள் சிலர் சேர்ந்து, சங்கத்துக்குப் பொதுவாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தார்கள். இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷினைப் பரீட்சைக்குக் கொடுத்தன. எல்லாருடைய சரக்கு விவரத்தையும் இரண்டிலும் ஏற்ற வேண்டும். கேட்டதை எது சீக்கிரம் தேடித் தருகிறதோ அந்த ஜாதியில் இன்னும் நாலைந்து வாங்குவார்கள். பரீட்சை வைக்கும் வாத்தியார், மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த நான்.

சங்கத் தலைவர் தன் ஆபீசில் வை என்றார். பொருளாளர் பஞ்சு மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கியில் வை என்றார். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுபவர்கள் இருவரும். ஆளுக்கு ஒன்றாக வைத்துவிட்டேன்!

கிட்டங்கி மெஷின் பாதித் தேடலில் அணைந்து அணைந்து எரிந்தது. நோஞ்சான் மெஷின் என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கம்பெனிக்காரர் மல்லுக்கு வந்துவிட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ரெண்டையும் ஒரே இடத்துல வச்சு ஒழுங்கா பாரு. திரும்பவும் சண்டை வந்துச்சுன்னா, மெஷினை ஏத்துத லாரியிலேயே உன்னையும் ஏத்திருவேன்."

அதற்குள் என் அம்மா ஊரெல்லாம் நான் எஞ்சினியர் என்று சொல்லி முடித்திருந்தாள்.

எந்த இடம் என்பதில் தலைவரும் பொருளாளரும் விட்டுக்கொடுக்கவில்லை. "தலகாணியைக் கூப்பிடு" என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

தலகாணி அண்ணாச்சி, கிட்டங்கி வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் புரோக்கர். தூங்கிக் கெட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. தூக்கத்தையே தொழிலாகச் செய்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். கக்கத்தில் தலையணையோடு உச்சி வெயிலில் வருவார், படுப்பார், எழுந்து சொல்வார்: "இங்கன உளுந்து போடாதிய. தரை வேர்க்குது."

கடம்பூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர்கள்கூட அவரைக் கூட்டிப்போனார்கள். போளியைத் தின்றுவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். எழுந்ததும், "தைரியமா பொண்ணைக் குடுங்க. என்னைத் தாண்டிப் போகையில மாமியாக்காரி சத்தம் வராம வளையலைப் புடிச்சுக்கிட்டுல்லா போனாவ."

"தூங்குனியளா, முழிச்சிருந்தியளா அண்ணாச்சி?" என்றார்கள் கூடப் போனவர்கள்.

"ரெண்டுந்தான்."

அப்பேர்ப்பட்டவர் முதலில் தலைவர் ஆபீசில் படுத்தார். கால் மணியில் எழுந்தார். "வாரவன் போறவன்லாம் என்னையே மிதிக்கான். மெஷினை விட்டுவைப்பானா?"

அடுத்து கிட்டங்கி. மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக வெளியே வந்தார். "பக்கத்து மில்லு மோட்டார் ஓடுதப்பல்லாம் ஃபேன் நொண்டுது. மூக்கு பூராம் பஞ்சு."

"பஞ்சுன்னா மெத்துனு இருக்குமே?" என்றார் பொருளாளர்.

"அது தலகாணிக்குள்ள இருக்கணும் அண்ணாச்சி, மூக்குக்குள்ள இல்ல."

என் படிப்புக்குப் பொறுக்கவில்லை. "மெஷின் தூங்காது அண்ணாச்சி" என்றேன்.

"நீ தூங்குவேல்லா? எங்கன படுக்கே?"

சங்கக் கட்டடத்தின் பின்னறை. வேலையோடு இலவசமாகக் கிடைத்த ஜாகை. காட்டினேன். படுத்தார். விளக்கேற்றும் நேரத்தில் நான் உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"தூசி இல்ல, மிதி இல்ல, ஃபேன் ஒரே சீரா சுத்துது. இங்கன வை."

வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடச் சொன்னதும், நான் நோஞ்சான் என்று எழுதியது முந்திக்கொண்டு பதில் சொன்னது. எத்தனை முறை கேட்டாலும் அதுதான் முந்தியது. தோற்ற கம்பெனிக்காரரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். தலைவர் என் முதுகில் தட்டினார். வேலை பிழைத்தது.

கையோடு, புதிதாக வரும் மெஷின்களும் அதே அறையில்தான் என்று முடிவானது. சாயங்காலம் என் கட்டிலைத் தெருவில் இறக்கிவைத்தார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "வேலையைக் காப்பாத்திட்டு வீட்டைப் பறிச்சிட்டியளே அண்ணாச்சி! நான் இனிமே எங்கன படுக்க?"

என் டிரங்குப் பெட்டியைத் தன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல."