ஸ்பிரிங் அண்ணாச்சியின் கெண்டைக்கால்

தன் கெண்டைக்காலுக்கு ஒரு வருஷம் முழுசாக லீவு கொடுத்த மனிதர், இராஜபாளையத்திலேயே எங்கள் தெரு ஸ்பிரிங் அண்ணாச்சி ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நூற்பாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். எண்பதுகளின் கடைசியில், கழித்துப்போட்ட ஸ்பிரிங், சைக்கிள் கம்பி, தோல் பெல்ட் எல்லாம் சேர்த்துக் காலில் மாட்டுகிற ஒரு கூண்டு செய்தார். காலை ஊன்றும்போது குதிகாலுக்குப் பின்னால் ஸ்பிரிங் இழுபடும். எடுக்கும்போது அதுவே காலை உந்திவிடும்.

"கெண்டைக்காலு செய்யுற வேலைய இது செஞ்சிரும்லே. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கட்டும்" என்பார்.

கிறீச் கிறீச்சென்று அவர் கடைத்தெருவுக்குப் போனால் நாய்கள் ஊர்வலமாகப் பின்னால் போகும். ஒருநாள் ஒரு நாய் பொறுக்க முடியாமல் காலைக் கவ்விவிட்டது. கத்தியது நாய்தான். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை கூத்தும் மதினிக்காக. அண்ணாச்சியின் மனைவியான அவர் அதே மில்லில், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு ஷிப்டு முழுக்க நடப்பவர். மகளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே வந்து ஆடிப்பூரத் தேர் பார்ப்பதாக ஆண்டாளிடம் வேண்டியிருந்தார். பிள்ளை பிறந்துவிட்டது. நடக்கப்போனவர் பாதி வழியில் கால் வீங்கி, பஸ் ஏறி, அழுதுகொண்டே வீடு வந்தார். அடுத்த தேருக்குள் அவரை நடக்கவைக்கத்தான் கூண்டு. அதுவரை அண்ணாச்சியே மாட்டிச் சோதித்தார்.

அந்த ஆடிப்பூரத்தன்று கூண்டை மதினிக்கு மாட்டிவிட்டு, தான் சும்மா நடந்தார். துணைக்கு நானும் போனேன். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு வந்ததும் மதினி நின்றுவிட்டார்.

"ஏட்டி, கெண்டைக்காலு வலிக்கா?"

"அது சொகமாத்தான் இருக்கு. இம்புட்டு இரும்பத் தூக்கித் தூக்கித் தொடை ரெண்டும் விட்டுப்போச்சு. மொதல்ல இதக் கழட்டுங்க."

கெண்டைக்காலின் வேலையைக் குறைத்த அண்ணாச்சி, அதைத் தொடையின் தலையில் கட்டியிருந்தார். முகம் தொங்கிப்போய், கூண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

பாரம் இறங்கிய மதினி விறுவிறுவென்று நடந்தார். கொஞ்ச தூரத்தில் அண்ணாச்சியைக் காணோம். திரும்பினால், ஒரு மைல்கல்லில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருஷம் சும்மா இருந்த கெண்டைக்கால், திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டதும் சுருட்டிப் பிடித்துக்கொண்டது.

"நீ முன்னால நட. தேர் கெளம்பிரும். நான் செத்த நேரம் கழிச்சு வாரேன்."

"ஒங்கள ரோட்டுல போட்டுட்டு நான் எந்தத் தேரப் பாக்க?" என்று மதினி குனிந்து, அவர் காலில் கூண்டை மாட்டிவிட்டார்.

கிறீச் கிறீச்சென்று போய்ச் சேர்ந்தோம். தேர் அப்போதுதான் அசைந்தது. மதினி கும்பிட்டு அழுதார். அழுது முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலில் வீக்கம். அண்ணாச்சி அந்தக் காலை மடியில் வைத்து அமுக்க ஆரம்பித்தார்.

"விடுங்க. ஊரே பாக்கு."

"பாத்துட்டுப் போறாவ."

அண்ணாச்சிக்கு அமுக்கிவிடத்தான் ஆளில்லை. நான் கூண்டைக் கழற்றிவிட்டு, அந்தச் சோம்பேறிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன். தேர் எங்களைத் தாண்டிப் போனதை நான் கவனிக்கவில்லை. அண்ணாச்சி மேல் எனக்கு அம்புட்டுப் பிரியம்.