அடுத்தவர் பிலிமின் ஓட்டைகள்

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். எண் அசையவில்லை. இரண்டரை.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்று ஆசையோடு கேட்டார்.

"இல்ல சார், இப்பதான் சரிபார்த்தேன்" என்றாள் ஜூனியர். லேபில் சேர்ந்து அடையாள அட்டைகூட இன்னும் கைக்கு வராதவள்.

விஷயம் இதுதான். காற்றை வடிகட்டும் பிளாஸ்டிக் பிலிமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. இரண்டு துண்டு பிலிமுக்கு நடுவே கொஞ்சம் கதிரியக்க உப்பை வைத்தால், அதிலிருந்து கிளம்பும் பாசிட்ரான் என்னும் துகள்கள் அந்த ஓட்டைகளில் போய் ஒண்டிக்கொள்ளும். எலெக்ட்ரானிடம் அகப்பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒளியாகி ஒழிந்துபோகும். ஓட்டை பெரிதானால் ஆயுசு கூடும். அந்த ஆயுசை நானோ விநாடியில் அளந்து சொல்வதுதான் அந்த லேபின் பிழைப்பு. சீனியரின் பிலிமில் பாசிட்ரான் ஒன்றே முக்காலிலேயே கண்ணை மூடியது. ஜூனியர் கொண்டுவந்த பிலிமில் இரண்டரை வரைக்கும் சொகுசாக வாழ்ந்தது.

"என்ன கைராசி உனக்கு!" என்று லேபின் தலைவியான மேடம் ஜூனியரின் தோளைத் தட்டினார்.

"ஐயோ மேடம், நான் ஒண்ணுமே பண்ணலை" என்று அவள் நெளிந்தாள்.

நடிப்பைப் பார் என்று சீனியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன? வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே காலந்தள்ளிவிட்டு, இப்போதுதான் நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். தேர்வுக் குழு வரப்போகிற நேரம் பார்த்தா இவள் முளைக்க வேண்டும்?

"சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்களே, என்னாச்சு?" என்றாள் அன்று இரவு மனைவி.

"அவ பிலிம்ல இருக்கற ஓட்டை என்னோடதைவிடப் பெருசு."

"ஓட்டைக்கெல்லாமா பொறாமைப்படுவாங்க? நம்ம குளியலறைக் கூரையில அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. முதல்ல அதை அடைங்க."

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன சமயம், சீனியர் ஜூனியரின் பிலிமை எடுத்து வாயருகே வைத்து "ஹா... ஹா..." என்று ஊதினார். அந்த ரகப் பிலிம் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் எண் இறங்கியது. சீனியர் சீட்டியடித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

மேடம் வந்து பார்த்தார். "ஈரம் பட்டிருக்கு. ஈரத்தோடயே இவ்வளவுன்னா, நல்லாக் காயவெச்சா எங்கேயோ போயிடும்! சீனியர், உங்களுக்கு ஒதுக்கின அடுப்பை இவளுக்குக் குடுத்துடுங்க."

"மேடம், பிலிமைக் காயவெக்க மாசக்கணக்கா காத்துக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் காயவெக்காமத்தான் அளந்திருக்கேன்..."

"உங்க பிலிமுக்கு என்ன அவசரம்?"

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. இனி பொறுப்பதில்லை என்று முடிவுகட்டினார். ஜூனியரின் பிலிமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் பிலிமையே வைத்துவிடுவது. அவள் எண் தானாகக் கவிழ்ந்துவிடும். தன் பிலிமின் லட்சணம் தனக்குத் தெரியாதா? ஈரம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று தன் துண்டுகளையும் அதே அடுப்பின் மூலையில் செருகி, மொறுமொறுவென்று காயவைத்து, உப்புக்கு இருபுறமும் வைத்து மூடினார்.

குழு வந்த அன்று திரையில் நின்ற எண் இரண்டே முக்கால்.

எல்லோரும் ஜூனியரைப் பார்த்துக் கைதட்டினார்கள். சீனியருக்குத் தலை சுற்றியது. தன் கையால் வார்த்த பிலிம், அவள் பெயரில் கைதட்டல் வாங்குகிறது! இத்தனை நாள் அவளுடைய பிலிமைப் பார்த்து வெந்தவர், இப்போது தன் பிலிமைப் பார்த்தே வெந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "அது அவளோடது இல்ல, என்னோடது! நான்தான் மாத்தி வெச்சேன். அன்னிக்கு ஊதினதும் நான்தான்!"



"அடுத்தவங்க சாம்பிள்ல கை வெச்சீங்களா?" என்றார் மேடம்.

"ரெண்டே முக்கால் மேடம்! என் பிலிம் மேடம்!"

"இனிமே அந்த அளவை யார் நம்புவா? உங்களை நிரந்தரமாக்கறதை விடுங்க, நாளைக்கே இங்க வெச்சிருக்க முடியாது."

ஜூனியர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழுவில் அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக இருந்த வழுக்கைத் தலைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் வேலையை நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி யாரோடதுன்னு வெளியில சொல்லாம அளந்து பாருன்னு நாங்க கொஞ்சம் காயவெச்சு உன்கிட்ட ரகசியமா குடுத்தது, இவர் மனுவோட அனுப்பின பிலிமைத்தானே?"